வியாழக்கிழமைப் புத்தகம்

மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தபால்காரனாக இருந்த நாட்களில் வியாழக்கிழமைக்கு மட்டும் தனி ருசி இருந்தது. மற்ற நாட்களில் கடிதம் வரும். வியாழனன்று கதை வரும்.

தபால்காரன் என்றால் அரசாங்கத்துத் தபால்காரன் இல்லை. தோட்டத்துத் தபால்காரன். காலையில் தோட்ட ஆபீசில் பூட்டிய தோல் பையைத் தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மைல் இறங்க வேண்டும். நோர்வூட் தபால் கந்தோரில் கொடுத்துவிட்டு, ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும் கட்டுகளைப் பிரிக்கும்வரை காத்திருந்து, அதே நான்கு மைலும் ஏற வேண்டும். மழை, காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டை, மூடுபனி எல்லாம் வேலையோடு சேர்ந்தவை. எனக்கு அது பிடித்திருந்தது. அப்போது இருபத்திரண்டு வயது. அதற்குள் நானுஓயா ஸ்டேஷனில் மூட்டை இறக்கியிருந்தேன், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியிருந்தேன், ரோட்டுக்குக் கல் உடைத்திருந்தேன். எங்கும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. ஓரிடத்தில் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். நடப்பதையே வேலையாகக் கொடுத்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அப்பா இறந்ததும் தோட்டத்தில் பெயர் பதிய வேண்டியிருந்தது, பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கடிதத்தின் மேல் உள்ள பெயரைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் இந்த வேலையையும் கொடுத்தார்கள்.

கடிதங்கள் பூட்டிய பைக்குள் போய்விடும். பத்திரிகைகளும் பொட்டலங்களும் பைக்குள் அடங்காது. அவற்றைத் தனியாக, தண்ணீர் புகாத ஒரு எண்ணெய்ச் சீலையில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வேன். வியாழக்கிழமை அந்தச் சீலைக்குள் தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் வீட்டு அம்மாவுக்கு ஒரு வாரப் புத்தகம் இருக்கும். சென்னையில் அச்சாகி, கப்பலேறி, ரயிலேறி, பஸ்ஸேறி, கடைசியில் என் அக்குளில் ஏறும். இரண்டு பக்கமும் திறந்த காகிதப் பட்டை ஒன்றைத்தான் அதற்குச் சுற்றியிருப்பார்கள். கிழிக்காமல் உருவலாம், மறுபடி நுழைக்கலாம். இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

பாதி வழியில் ஒரு மதகு. அதற்குக் கீழே மழை படாத ஒரு பாறை. அங்கே உட்கார்ந்து வாசிப்பேன். முதலில் படங்களைப் பார்த்தேன். பிறகு நகைச்சுவைத் துணுக்குகள். பிறகுதான் தொடர்கதையில் விழுந்தேன்.

கதை இப்படி. பெரிய ஆறு ஒன்று, பாலம் கிடையாது. ஆட்களைத் தோணியில் அக்கரை சேர்க்கும் ஒருவருக்கு ஒரே மகள். பாலம் கட்டுவதற்காக ஆற்றை அளக்க ஓர் இளைஞன் வருகிறான். பாலம் வந்தால் தோணிக்கு வேலை இல்லை. அப்பாவின் பிழைப்பை முடிக்க வந்தவன்மேல் மகளுக்குக் காதல். ஒவ்வொரு வாரமும் இருவரும் சந்திக்கப் போகும் இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள். ஏழு நாள் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் மலை ஏறி இறங்கினேன். அந்த ஆற்றை எட்டு மைலும் கூடவே கூட்டிக்கொண்டு நடந்தேன். கால் வலி தெரியாது என்று சொல்ல மாட்டேன், தெரிந்தது. ஆனால் அடுத்த வியாழன் என்று ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் எந்தக் கிழமைக்காகவும் நான் காத்திருந்ததில்லை.

மனதில் இருந்ததை வாய் அடக்கவில்லை. தபாலோடு ஏறி வரும்போது மத்தியான நிறுவை நடக்கும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வெளியே பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். தராசுக்கு முன்னால் கணக்கப்பிள்ளை. வரிசை நகரும்வரை பேச்சு வேண்டும். நான் கதையைச் சொல்லத் தொடங்கினேன். முதல் வாரம் மூன்று பேர் கேட்டார்கள். ஒரு மாதத்தில் வரிசை முழுவதும் வியாழக்கிழமையை எதிர்பார்த்தது.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஆறாம் நம்பர் லயத்து அக்கா ஒருவர் இருந்தார். மூன்று பிள்ளைகள். கொழுந்து எடுப்பதில் அந்த மலையிலேயே வேகமான கை, வாய் அதைவிட வேகம். இது நாவலாக இருந்தால் அவருக்கும் எனக்கும் ஏதாவது நேர்ந்திருக்கும். நேரவில்லை. அவர் புருஷன் எனக்கு நல்ல சிநேகிதர். அந்த அக்காதான் ஒரு வியாழன் ஆரம்பித்தார்.

“என்னா தபால்காரத் தம்பி, இன்னைக்கும் அவ ஆத்தப் பாத்துக்கிட்டு நின்னாளா?”

“நின்னாக்கா.”

“நிக்கட்டும், நிக்கட்டும். அவ வூட்டுல தண்ணி எடுக்கிறது யாரு? அப்பனுக்குச் சோறு பொங்குறது யாரு? அதெல்லாம் ஒங்க புத்தகத்துல போட மாட்டாங்களா?”

“இது காதல் கதைக்கா.”

“ஓ, காதலிச்சா பசிக்காதாக்கும்!”

வரிசையே சிரித்தது. “அங்க என்னா கூத்து? கூடையக் கொண்டாங்க!” என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தைத்தது. அடுத்த நாள் பாறையில் உட்கார்ந்து யோசித்தேன். அக்கா கேட்டது சரி. அந்தப் பெண் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதாகக் கதையில் இல்லை. அதற்கடுத்த வாரம் சொல்லும்போது நானே அவளை விடியற்காலையில் எழுப்பி ரொட்டி சுட வைத்தேன். வெங்காயச் சம்பல் அரைக்க வைத்தேன். அளக்க வந்தவனை மழையில் நனைத்து, சேற்றில் வழுக்கி விழ வைத்து, காலில் நான்கு அட்டைகளை ஏற்றினேன். ஆற்றங்கரையில் அட்டை உண்டா என்று எனக்குத் தெரியாது. மழை இருந்தால் அட்டை இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பெண்களுக்கு அந்த வாரம் பிடித்த மாதிரி எந்த வாரமும் பிடிக்கவில்லை. “பாவம், உப்பு வச்சு எடுத்தானா?” என்று ஒருத்தி கேட்டாள்.

இப்படி மூன்று மாதம் ஓடியது.

பெரிய கிளாக்கர் வீட்டு அம்மா மாத்தளைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். பிள்ளைகள் இல்லை. பின்வாசலில் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு, தலையை அசைத்துவிட்டு உள்ளே போவார். நான் படி இறங்குவதற்குள் பட்டை கிழியும் சத்தம் கேட்கும். எப்போதும் உடனே வாசித்துவிடுவார். அதனால்தான் என் குட்டு உடையாமல் இருந்தது.

ஒரு வியாழன் அவர் வீட்டுக்குக் கணவரின் உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். சமையல், உபசாரம். புத்தகம் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. மறுநாள் உறவுக்காரர்களை அனுப்பிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து வாசல் கூட்ட வந்த அம்மாள், “பாவம்ங்க அந்தத் தோணிக்காரரு, காச்சல்ல போயிச் சேந்துட்டாராமே” என்று சொல்லிவிட்டார். கூட்ட வந்தவரின் தங்கை கொழுந்து எடுப்பவள்.

கிளாக்கர் வீட்டிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிறர் தபாலைப் பிரித்தவனுக்குத் தோட்டத்தில் என்ன கிடைக்கும் என்பது தெரியும். பத்துச்சீட்டு, வேலையிலிருந்து நீக்கும் சீட்டு. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தால் நான் குடியிருந்த லயக் காம்பராவையும் அன்றே காலி செய்ய வேண்டும். நானாகப் போன இடங்கள் பல. துரத்தப்பட்ட இடம் அதுவரை இல்லை. அதைவிட, வேலை போனால் வியாழக்கிழமையும் போய்விடும். பின்வாசலுக்கு நடந்தபோது எனக்கு உறைத்தது அதுதான்.

அவர் கையில் புத்தகம் இருந்தது. பட்டை இன்னும் பிரிக்கவில்லை.

“தோணிக்காரர் செத்துட்டாரா?”

நான் நிலத்தைப் பார்த்தேன். “செத்துட்டாருங்கம்மா.”

“நீ படிக்கிறது எனக்குத் தெரியும். மொத மாசமே தெரியும். பக்கத்துக்குப் பக்கம் செம்மண்ணு. ஒரு தடவ அட்டை ஒண்ணு நசுங்கி ஒட்டியிருந்துச்சு. அது மெட்ராசுல இருந்தா வந்துச்சு?”

“மன்னிச்சுக்கங்கம்மா. ஐயாகிட்ட...”

“ஐயாவுக்கு இதெல்லாம் எதுக்கு? நீ படிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. இத்தன நாளா சொன்னேனா? ஆனா நான் படிக்கிறதுக்கு முந்தி ஊருக்கெல்லாம் சொல்லிட்ட பாரு, அதான். ஆறு நாள் காத்துக்கிட்டு இருக்கேன்ப்பா. இந்த வூட்டுல எனக்குன்னு வர்றது இது ஒண்ணுதான். மொத ஆளா அதத் தெரிஞ்சிக்கிறதுல ஒரு சந்தோஷம். அத எடுத்துட்டியே.”

அவர் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எல்லா வேலையிலும் திட்டு வாங்கிப் பழக்கம். அவரும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தைத் தள்ளுகிறார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. கிளாக்கர் வீட்டுக்காரர்களுக்கு என்ன குறை என்றே நினைத்திருந்தேன்.

அவரே ஒரு வழி சொன்னார். வியாழனன்று பட்டையைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் அவரே புத்தகத்தைத் தருவார். பாறையில் ஒளிந்து வாசிக்க வேண்டாம், அதன் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

“அப்புறம்...” என்றார். “அந்த ஆளுக்கு அட்டை கடிச்சதா சொன்னியாமே. நான் ரெண்டு தடவ தேடிப் பாத்தேன். அப்படி ஒண்ணும் இல்லியே?”

நான் அக்காவின் கேள்வியைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “காதலிச்சா பசிக்காதாக்கும்” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மடுவத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பது வழக்கமானது. ஐந்து நிமிஷப் பேச்சு. பின்வாசலைத் தாண்டி அது போகவில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை.

வியாழனைத் தொடாமல் இருப்பது சுலபம் இல்லை. அக்குளில் புத்தகம் சூடாக இருக்கும். பாறை வரும். நான் நின்று, தண்ணீர் குடித்து, நடப்பேன். அந்தக் காலத்தில் நான் சுமந்த பூட்டிய பைக்குள் ஏறக்குறைய எல்லா லயத்துக்காரர்களின் கடிதங்களும் இருந்தன. இந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு எழுதிய மனுக்களுக்குப் பதில்கள், பிறந்த சான்று கேட்டு வந்தவை, மறுபடியும் எழுதச் சொன்னவை. ஆபீசில் பையைத் திறந்து கடிதங்களைப் பங்கிட வரும்போது பாதைக்கு வந்து நின்று “எனக்கு ஒண்ணும் இல்லியா?” என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லியே எனக்கு வாய் பழகியிருந்தது. வருமா வராதா என்று தெரியாத காத்திருப்பு அது. கதைக்கான காத்திருப்பில் அந்தப் பயம் இல்லை, கட்டாயம் வரும். அதனாலேயே அந்தப் பெண்கள் வியாழனை விட்டு வெள்ளிக்கும் பொறுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசி அத்தியாயம் வந்த வியாழனன்று ஆனி மாதத்து மழை. புத்தகத்தின் மேல்பக்கத்திலேயே ‘முடிவு’ என்று பெரிதாகப் போட்டிருந்தது, பட்டைக்கு வெளியே அந்த எழுத்து மட்டும் தெரிந்தது. மடுவத்தில் என்னை வளைத்துக்கொண்டார்கள்.

“கட்டிக்கிட்டாளா இல்லியா? அத ஒண்ண மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி.”

“நான் பாக்கலக்கா. நாளைக்கித்தான்.”

“பெரிய சத்தியவான்! அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியப் போவுது?”

“அட்டை காட்டிக் குடுத்துரும்” என்றேன். விட்டுவிட்டார்கள்.

ஆனால் மேலே ஏறும்போது எண்ணெய்ச் சீலை நனைந்து கனத்தது. மடிப்பில் கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் புத்தகம் அப்பளமாவு மாதிரி ஊறியிருந்தது. அப்படியே கொடுத்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு காயும், பிரித்தால் எழுத்தோடு பிய்ந்து வரும். பக்கம் பக்கமாகப் பிரித்துக் காய வைத்தால்தான் பிழைக்கும். பிரித்தால் கண் எழுத்துக்குப் போகும். என் கண்ணை எனக்குத் தெரியும்.

பாதையோரத்தில்தான் தொழிற்சாலை. உள்ளே தேயிலையைக் காய வைக்கும் ட்ரையர் மெஷினில் சூடான காற்று வரும். அதைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது. அதனாலேயே அவரிடம் போனேன்.

“அண்ணே, இதை ஒவ்வொரு பக்கமா சூட்டுல காட்டித் தாங்கண்ணே. நான் வெளிய நிக்கிறேன்.”

“ஏன், ஒனக்குக் கையில்லியா?”

“கண்ணு இருக்குண்ணே. அதான்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே மழையைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“டேய், படமெல்லாம் இருக்குடா! ஒரு பொம்பள அழுவுறா. பக்கத்துல ஒரு...”

“வேணாம்ணே! வாய மூடிக்கிட்டுத் திருப்புங்க!”

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆபீசில் திட்டு நிச்சயம், பிறகு கிடைத்தது. புத்தகம் இரண்டு மடங்கு தடித்து, பழுப்பேறி, வறுத்த தேயிலை வாசத்தோடு வந்தது. பட்டை போய்விட்டிருந்தது. வெறும் புத்தகமாகப் பின்வாசலில் நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் ஒரு பக்கத்தைப் பிரித்து மூக்கருகில் வைத்துப் பார்த்தார். “படிச்சியா?”

“இல்லீங்கம்மா.”

“ஒரு வரி?”

“ஒரு பொம்பள அழுவுறாங்கன்னு மட்டும் தெரியும்ங்க. அதுகூட ட்ரையர்காரரு சொன்னது.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நம்பினாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை தோல் பையோடு கிளம்பும்போது பின்வாசலில் நின்று கூப்பிட்டார். புத்தகத்தைத் தந்தார். கதையின் கடைசி இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரு குண்டூசி குத்தியிருந்தது.

“இதுவரைக்கும் படிச்சிட்டேன். இந்த ரெண்டு பக்கத்த நீங்க எல்லாரும் மொதல்ல படிங்க. மடுவத்துல வாசிச்சுக் காட்டிட்டுக் கொண்டாங்க. அவங்க என்னா சொன்னாங்கன்னு எனக்குச் சொல்லணும். முடிவ மட்டும் சொல்லிறாதீங்க.”

நான் அந்த ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருஷமாக அவர் வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துக்கொண்ட சந்தோஷம் எது என்று அவரே சொல்லியிருந்தார். அதில் ஆகப் பெரிய பங்கை எடுத்து எங்களுக்குக் கொடுத்தார். எனக்கு வாழ்க்கையில் பலர் சோறு போட்டிருக்கிறார்கள், சட்டை கொடுத்திருக்கிறார்கள், படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி உண்டு. அவற்றையெல்லாம் இல்லாதவனுக்கு இருப்பவர்கள் கொடுத்தார்கள். இவர் தனக்கென்று இருந்த ஒன்றே ஒன்றைக் கொடுத்தார்.

அன்று பாறையில் நான் உட்காரவே இல்லை. மத்தியான நிறுவையில், அவர்களுக்கு முன்னால், ஊசியை எடுத்தேன். அதுவரை வாயால் சொன்ன நான் முதல்முறை அச்சைப் பார்த்து வாசித்தேன், எதையும் சேர்க்காமல். தடுக்கித் தடுக்கித்தான். பாலம் முடிகிறது. திறக்கும் நாளில் அந்தப் பெண் பாலத்தின்மேல் நடக்கிறாள். அந்தக் கரையில் அவன் நிற்கிறான், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் ரயிலுக்கு நேரமாகிறது. இந்தக் கரையில் அப்பாவின் தோணி கவிழ்த்துப் போட்டுக் கிடக்கிறது. நடுப்பாலத்தில் நின்று அவள் இரண்டு பக்கமும் பார்க்கிறாள். கதை முடிந்தது.

“மிச்சம் எங்க?” என்றார் அக்கா.

“அவ்வளவுதான்க்கா.”

“நடுவுல கொண்டுபோயி நிறுத்திட்டாரா? எழுதுனவருக்குக் கஞ்சி ஆறிப் போச்சோ?”

“போயிருப்பாக்கா, அவன்கூட.”

“எங்கிட்டுப் போறது? அப்பன் இல்லாட்டியும் வூடு இருக்குல்ல, நாலு சட்டி பான இருக்குல்ல?”

“சட்டி பானைய கட்டிக்கிட்டுப் பொழைக்க முடியுமா?”

வரிசை இரண்டாகப் பிரிந்தது. கூடைகள் நகரவில்லை. இத்தனை மாதமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், “போவா” என்றார். “கட்டாயம் போவா.” அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது.

மாலையில் கிளாக்கர் வீட்டு அம்மாவிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கணக்கப்பிள்ளை சொன்னதை எப்படிச் சொன்னாலும் முடிவு தெரிந்துவிடும் என்பதால் அவர் வாசிக்கும்வரை படியில் நின்றேன். நின்றபடியே வாசித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “மாத்தளையில ரயிலேறுன அன்னைக்கி நானும் அப்படித்தான் கொஞ்ச நேரம் நின்னேன்” என்றார். எந்தப் பக்கம் பார்த்தபடி என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் தொடர்கதைகள் வந்தன. இரண்டு வருஷம் அந்த ஏற்பாடு நடந்தது. பெரிய கிளாக்கர் வேலையை விட்டு மாத்தளைக்கே குடிபோன மாதம் நானும் தபால் பையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மறுபடி இருப்புக் கொள்ளவில்லை.

நான் போன இடங்களிலெல்லாம் வாசித்தேன். ஹட்டனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் சரக்குத் தூக்கியபோது, சாமான் சுற்றுவதற்காக வாங்கிப் போட்டிருந்த பழைய புத்தகக் கட்டுகளை அவர் என்னிடம் விட்டுவிடுவார். “சுத்துற வரைக்கும் படிச்சுக்க தம்பி. சுத்துனதுக்குப் பொறவு கேக்காத” என்பார். பருப்பும் மல்லியும் சுற்றப்போகிற பக்கங்களில் எத்தனையோ காதல்களின் நடுப்பாகத்தை மட்டும் நான் வாசித்திருக்கிறேன். துப்பறியும் கதைகளில் ஒரு வருஷம் கிடந்தேன். அரசர் கதைகளில் ஒரு மழைக்காலம். திரும்பத் திரும்பக் காதல் கதைக்கே வந்தேன். ஆனால் அது பழைய ருசி இல்லை. முன்பெல்லாம் இருவரும் சந்திக்கும் இடத்துக்காகப் பக்கங்களைத் தள்ளுவேன், நிலாவையும் ஆற்றையும் நெஞ்சோடு வைத்துக்கொள்வேன். இப்போது நிலா வந்தால் பக்கத்தைத் தள்ளினேன். அவள் என்ன வேலை செய்கிறாள், அவன் எங்கே தூங்குகிறான், அடுப்பில் என்ன இருக்கிறது என்று தேடினேன். பலமுறை புத்தகத்தைப் பாதியில் மூடியிருக்கிறேன், “தண்ணி எடுக்கிறது யாரு?” என்ற குரல் கேட்டுவிடும். என் வாசிப்பைக் கெடுத்தது ஆறாம் நம்பர் லயத்து அக்காதான். கெடுத்ததற்கு நான் இன்றைக்கும் அவரை வாழ்த்துகிறேன்.

பிறகு சென்னைப் புத்தகங்கள் வருவது குறைந்தது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு என்றார்கள். அதே காலத்தில், யார் இங்கே இருப்பது, யார் கடல் கடந்து பாட்டன் வந்த நாட்டுக்கே திரும்பிப் போவது என்ற பேச்சும் லயங்களுக்குள் வந்துவிட்டது. நான் அப்போது றொசல்ல ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கூட்டத்தில் வேலையில் இருந்தேன். ஒருநாள் ஹட்டனுக்குப் போனபோது நானா ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

“புதுசு. காதல் கதைதான். ஆனா எழுதுனவரு நம்ம மலைப் பக்கத்து ஆளு. சுத்துறதுக்கு இல்ல, விக்கிறதுக்கு.”

பிரித்தேன். முதல் வரியில் ஒரு பெண் இருட்டோடு எழுந்து குழாயில் ஒழுகும் பீலித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். இரண்டாவது வரியில் அவள் காலில் அட்டை.

மூடிவிட்டேன். கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தான் என்று அந்த இரண்டு வரியில் தெரிந்துவிட்டது. மூன்றாவது வரிக்குப் போகவில்லை. அதை முதலில் வாசிக்க வேண்டியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நோர்வூட் தபால் கந்தோரில் என்னைத் தெரிந்த ஒருவர் இன்னும் இருந்தார். கிளாக்கர் வீட்டின் மாத்தளை விலாசம் அவரிடம் கிடைத்தது. புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் திறந்த பட்டை ஒன்றைச் சுற்றினேன். அவர் விலாசத்தையும் என் விலாசத்தையும் எழுதினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஒரு மாதம் போனது. இன்னொரு மாதமும் போனது. விலாசம் மாறியிருக்கலாம், அவர் இல்லாமலே இருக்கலாம், கதைகளை அவர் எப்போதோ விட்டிருக்கலாம். தபாலைச் சுமந்தவனுக்குத் தபால் எத்தனை விதமாகத் தொலையும் என்பது தெரியும். ஒவ்வொரு நாளும் ஸ்டேஷன் பக்கம் போய், “எனக்கு ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியைத் தோட்டத்தில் எத்தனை பேர் என்னிடம் கேட்டார்கள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது. அதே புத்தகம், புதுப் பட்டை. உருவினேன். ஓரங்கள் வாசித்து மெத்தென்று ஆகியிருந்தன. அட்டை வருகிற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. கடிதம் இல்லை. கடைசி இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரு குண்டூசி.

ஊசி வரை அன்றே வாசித்துவிட்டேன். நல்ல புத்தகம். அந்தப் பெண் எல்லா வேளையும் சாப்பிட்டாள்.

அதற்கு மேல் போகவில்லை. ஆறாம் நம்பர் லயத்து அக்கா வீட்டில் கடல் கடந்து போகப் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எப்போது கிளம்புகிறார்கள் என்று தெரியாது. மறுநாள் ஞாயிறு, பெண்கள் லயத்தில் இருப்பார்கள். காலையில் கிழியாத ஒரு எண்ணெய்ச் சீலையாகப் பார்த்துப் புத்தகத்தைச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஊசியைத் தொடாமல், ஹட்டன் போய் நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன்.